மழைக்கு முன்பே கிடங்கைக் காயவையுங்கள்
பருவகால ஆலோசனை: அச்சகங்கள், பதிப்பகங்கள், புத்தகக் கிடங்குகளுக்கு

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் பின்பாதியில் தொடங்கும். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. பதிப்பகக் கிடங்குகளில் கால் வைக்க இடமில்லாமல் போவதும் அப்போதுதான். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கான புதுப் புத்தகங்கள், டைரிகள், காலண்டர்கள், அவற்றுக்கான ரீம் கட்டுகள் எல்லாம் ஐப்பசி அடைமழையில்தான் வந்து இறங்குகின்றன. மழைத்தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வராத கிடங்கிலும் தாள் நமத்துப்போகும், ஓரம் அலையடிக்கும், அட்டை வளையும். நான்கு கலர் ஆஃப்செட்டில் ரிஜிஸ்டர் விலகும். முதுகு ஒட்டிய பசைப் பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

காற்றின் ஈரத்தை நீராக்கி எடுக்கும் டீஹியூமிடிஃபயர் இயந்திரத்தில், சக்கரம் வைத்த வணிக ரகத்தை வைத்திருப்பவர்களும் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்களும் இந்த வாரமே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஏன் இப்போதே?

1000 சதுர அடி, 12 அடி உயரம் உள்ள ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் உள்ளே இருக்கும் காற்று முழுவதிலும் ஆவியாக இருக்கும் தண்ணீர் சுமார் 8 லிட்டர்தான். 55 சதவீதத்துக்குக் கொண்டுவர இரண்டரை லிட்டர் எடுத்தால் போதும். கணக்கில் இது ஒரு மணி நேர வேலை.

காகிதம்தான் கணக்கை மாற்றுகிறது. ஒரு டன் தாளின் ஈரம் ஒரு சதவீதம் குறைய வேண்டுமானால் 10 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். 5 டன் இருப்பு என்றால் 50 லிட்டர். மழை நாட்களில் தாள் ஒரு சதவீதத்தோடு நிற்பதுமில்லை. மூன்று, நான்கு சதவீதம்கூட ஏற்றிக்கொள்ளும். அடுக்கின் நடுவில் இருக்கும் ஈரம் மெதுவாகத்தான் வெளியே வரும். நவம்பரில் பூஞ்சை வாடை வந்தபிறகு இயந்திரத்தை ஓடவிட்டால், வாளி வாளியாகத் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும், ஈரப்பத மீட்டரோ இறங்காது. காய்ந்த தாளைக் காய்ந்தபடியே காப்பது மலிவு. நனைந்ததைக் காயவைப்பது செலவு.

முதலில் அறையை மூடுங்கள்

இயந்திரம் சரியில்லை என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் திறந்த அறை. மேலே சொன்ன கிடங்கின் காற்று ஒருமுறை முழுவதுமாக வெளிக்காற்றோடு மாறினால் இரண்டரை லிட்டர் தண்ணீர் திரும்ப உள்ளே வந்துவிடும். ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டு ஓட்டினால் தெருவைக் காயவைக்கத்தான் மின்கட்டணம் கட்டுவீர்கள்.

- வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட் துவாரம், உடைந்த கண்ணாடி ஆகியவற்றை அடையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துங்கள்.
- ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை போடுங்கள். உள்பக்கம் கனமான பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டால் சரக்கு ஏற்றி இறக்கும்போது நுழையும் காற்று குறையும்.
- ஓதம் ஏறும் சுவரை ஒட்டிப் புத்தகம் அடுக்காதீர்கள். சுவரிலிருந்து அரை அடி தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி மரப் பலகைமேல் அடுக்குங்கள்.
- மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயின் அடைப்பை இப்போதே எடுங்கள். கூரைக் கசிவை எந்த இயந்திரமும் ஈடுகட்டாது.

எந்த அளவு இயந்திரம்?

பெட்டியில் ‘ஒரு நாளைக்கு 50 லிட்டர்’ என்று போட்டிருந்தால், அது எந்த நிலையில் அளந்தது என்று கேளுங்கள். நம் சந்தையில் பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்த எண்ணைத்தான் போடுகிறார்கள். நாம் வேண்டுகிற 55 சதவீதத்தை அறை நெருங்கும்போது அதே இயந்திரம் கிட்டத்தட்ட பாதிதான் எடுக்கும். ஓரளவு நன்றாக மூடிய 1000 சதுர அடிக் கிடங்கில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று மாறுகிறது என்று வைத்தால், ஒரு நாளில் ஏறக்குறைய 30 லிட்டர் ஈரம் நுழைகிறது. ஆகவே பெட்டியில் 60 லிட்டருக்குக் குறையாமல் போட்டிருக்கும் இயந்திரம் வேண்டும்.

வைக்கும் இடமும் மின்இணைப்பும்

1. வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விடுங்கள். கம்ப்ரஸர் ஆயில் கீழே இறங்க வேண்டும். உடனே ஓட்டினால் கம்ப்ரஸர் போய்விடும்.
2. அறையின் நடுப்பகுதியில் வையுங்கள். காற்றை இழுக்கும் பக்கமும் விடும் பக்கமும் குறைந்தது இரண்டடி காலியாக இருக்கட்டும். காய்ந்த காற்று ஒரே அடுக்கின்மேல் நேராக அடிக்கக் கூடாது. அந்த அடுக்கு மட்டும் வளைந்துகொள்ளும்.
3. அடுக்குகளுக்கு நடுவே ஒரு பெடஸ்டல் ஃபேன் மெதுவாக ஓடட்டும். மூலையில் தேங்கும் காற்றில்தான் பூஞ்சை முதலில் வரும்.
4. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். மேசை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.
5. மின்சாரம் போய்வந்தால் தானாகத் திரும்ப ஓடுகிறதா என்று மெயினை அணைத்துப் போட்டுச் சோதியுங்கள். சில இயந்திரங்கள் யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை சும்மா நிற்கும். இரவு மின்தடைக்குப் பிறகு காலைவரை அறை நனைந்துகொண்டிருக்கும்.
6. அணைத்ததும் உடனே போடாதீர்கள். மூன்று நிமிடமாவது கழியட்டும்.

இயந்திரம் ஓடும் அறை இரண்டு, மூன்று டிகிரி சூடாகும். ஆவி நீராக மாறும்போது லிட்டருக்குச் சுமார் 0.7 யூனிட் வெப்பத்தை விடுகிறது. மோட்டாரின் சூடு அதோடு சேர்கிறது. புழுங்குகிறதே என்று ஊழியர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். அன்றைய உழைப்பு அத்தோடு போச்சு. இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆள் இருந்து பைண்டிங் வேலை நடக்கும் அறை என்றால் ஏ.சி.யையும் சேர்த்து ஓட்டுங்கள். ஆளில்லாத கிடங்குக்கு அது தேவையில்லை.

தண்ணீர் போக வழி

வாளியை நம்பினால் சனிக்கிழமை இரவு நிரம்பி, மிதவை சுவிட்ச் இயந்திரத்தை நிறுத்திவிடும். திங்கள்வரை யாருக்கும் தெரியாது. ஹோஸ் மாட்டுங்கள். அது தொடக்கம் முதல் முடிவுவரை சரிவாக இறங்க வேண்டும். நடுவில் மேடேறினாலோ சுருண்டு கிடந்தாலோ தண்ணீர் திரும்பி டிரேயில் தேங்கும். ஹோஸின் நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது; எறும்பும் கரப்பானும் ஏறாமல் சின்ன வலை கட்டுங்கள். பம்ப் உள்ள இயந்திரம் என்றால் எத்தனை அடி உயரம் தள்ளும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் காயிலின் உலோகத்துகளும் தூசும் கிருமியும் கலந்தது. குடிக்கவோ சமைக்கவோ கூடாது. ஏ.சி. தண்ணீரைப் போல இதையும் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றும் வழக்கம் உண்டு. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். இதைத் தரை துடைக்க, கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள்.

எந்த எண்ணில் வைப்பது?

காகிதத்துக்கு 50 முதல் 55 சதவீதம். 70-ஐத் தாண்டிச் சில நாள் நின்றால் பூஞ்சைக்கு வழி. ‘நன்றாகக் காயட்டும்’ என்று 35-இல் வைப்பதும் தவறு. தாள் எதிர்ப்பக்கம் சுருளும், ஸ்டாட்டிக் ஏறித் தாள்கள் ஒட்டிக்கொள்ளும், கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும்.

இயந்திரத்தில் தெரியும் எண் அதன் வாயருகே உள்ள காற்றைச் சொல்கிறது. கிடங்கின் தூர மூலையில், நெஞ்சளவு உயரத்தில், தனியாக ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வையுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டு உப்பை வைத்தே பார்க்கலாம். பாட்டில் மூடியில் கல்லுப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறுபோலக் குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சொட்டுங்கள். மீட்டரையும் மூடியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், உங்கள் மீட்டர் எப்போதும் 4 குறைத்துச் சொல்கிறது என்று அதன்மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பராமரிப்பு

*தினமும்:* ஒரு நோட்டில் நேரம், ஈரப்பதம், முந்தைய 24 மணி நேரத்தில் வந்த தண்ணீர் ஆகிய மூன்றையும் குறியுங்கள். ஹோஸ் மாட்டியிருந்தால் அதன் நுனியில் ஒரு மணி நேரம் அளவு ஜாடி வைத்துப் பிடித்து 24-ஆல் பெருக்கினால் போதும். எண் இறங்க இறங்கத் தண்ணீர் குறைவது இயல்பு. எண் 80-இலேயே நிற்க, தண்ணீர் மட்டும் குறைந்தால் கோளாறு.

*வாரம் ஒருமுறை:* ஃபில்டரைக் கழற்றுங்கள். அச்சகத்தின் காகிதத் தூளும் ஆன்டி-செட்-ஆஃப் பவுடரும் அதை வீட்டு ஏ.சி.யைவிட வேகமாக அடைக்கும். நைலான் வலை என்றால் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். பெரிய இயந்திரங்களில் வரும் மடிப்பு ஃபில்டரைக் கழுவக் கூடாது; அடைத்தால் புதிது மாற்றுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட்டாதீர்கள்.

*மாதம் ஒருமுறை:* பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரேயையும் வாளியையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்து வழவழப்பை எடுங்கள். காயிலின் தகடுகளை மென்மையான பிரஷ்ஷால், தகடு ஓடும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பிரஷர் வாஷர் தகட்டை மடக்கிவிடும். பிளீச்சிங் பவுடர்க் கரைசல் காயிலை அரிக்கும். ராயபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் சேர்ந்து அரிக்கும் என்பதால் இதை 15 நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள்.

கோளாறு கண்டால்

- *காயிலில் ஐஸ்:* சமவெளியில் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போது ஐஸ் கட்டினால், ஃபில்டர் அடைப்பு, ஃபேன் வேகக் குறைவு, கேஸ் கசிவு ஆகிய மூன்றில் ஒன்று. அணைத்து உருகவிட்டு ஃபில்டரைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தாதீர்கள், குழாய் ஓட்டையாகிவிடும்.
- *ஃபேன் ஓடுகிறது, தண்ணீர் இல்லை:* எண்ணை 40-க்கு இறக்கிப் பத்து நிமிடம் காத்திருங்கள். கம்ப்ரஸர் சத்தம் கேட்காவிட்டாலோ, வெளிவரும் காற்று சூடாக இல்லாவிட்டாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.
- *புளித்த நாற்றம்:* டிரேயில் தேங்கிய அழுக்கு. கழுவினால் போகும்.
- *அடியில் தண்ணீர்:* ஹோஸ் அடைப்பு, அல்லது இயந்திரம் சாய்ந்து நிற்கிறது.
- *கேஸ் வேலை:* லேபிளில் ‘ஆர்-290’ என்றிருந்தால் உள்ளே இருப்பது தீப்பற்றும் புரொப்பேன். பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டும்.

புயலும் வெள்ளமும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் பதிப்பாளர்கள் கட்டுக்கட்டாகப் புத்தகங்களை இழந்தார்கள். 2016 ஜனவரியில் நடக்க வேண்டிய சென்னைப் புத்தகக் காட்சி ஜூனுக்குத் தள்ளிப்போனது. புயல் எச்சரிக்கை வந்ததும் கீழ் இரண்டு அடுக்குகளை மேலே ஏற்றுங்கள். இயந்திரத்தையும் மேசைமேல் தூக்கி வையுங்கள்.

மின்தடையின்போது கதவைத் திறக்காதீர்கள். முன்பே காய்ந்திருக்கும் இருப்பு ஓரிரு நாள் தாங்கும். அதைப் பாலித்தீனால் மூடலாம். ஈரமான கட்டை மட்டும் மூடக் கூடாது. ஜெனரேட்டர் வைத்தால் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு ஆளைக் கொல்லும்.

தண்ணீர் புகுந்துவிட்டால் வரிசை இதுதான்: மெயினை அணைத்தல், தண்ணீரை இறைத்தல், தரையை வழித்துத் துடைத்தல், நனைந்த அட்டைப்பெட்டிகளை வெளியேற்றல், அதற்குப் பிறகே டீஹியூமிடிஃபயர். மாப்பால் எடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் அரை யூனிட் மின்சாரம் மிச்சம். முதல் 48 மணி நேரம்தான் பூஞ்சைக்கு முந்திக்கொள்ளும் நேரம். நனைந்த ஆர்ட் பேப்பர் காயும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். முக்கியமான பிரதியானால் ஈரமாக இருக்கும்போதே பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, நூல் பாதுகாப்பு நிபுணரைக் கேளுங்கள். தண்ணீரில் மூழ்கிய இயந்திரத்தைச் சோதிக்காமல் பிளக்கில் செருகவே கூடாது.

இரண்டு சிறப்புக் குறிப்புகள்

உதகை, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் டிசம்பர் இரவுக் குளிரில் சாதாரண இயந்திரத்தின் காயில் ஐஸ் கட்டிவிடும். அங்கே தானியங்கி டீஃப்ராஸ்ட் உள்ளதையோ, சிலிக்கா ஜெல் சக்கரம் வைத்த ரகத்தையோ வாங்குங்கள்.

சிவகாசியில் அச்சகமும் பட்டாசு ஆலையும் அருகருகே நடக்கும் தொழில்கள். அச்சகத்து இயந்திரத்தைப் பட்டாசு, தீப்பெட்டி, வெடிமருந்து வைக்கும் அறைக்கு இரவல் கொடுக்காதீர்கள். அதன் ரிலேயில் எழும் ஒரு பொறி போதும்.

பருவம் முடிந்ததும்

ஜனவரிக் கடைசியில் வெளிக்காற்றே 60-க்குக் கீழே நிற்கும் ஊர்களில் இயந்திரத்தை ஓய்வுக்கு அனுப்பலாம். கடலோரத்தில் கோடையிலும் கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவரும். மீட்டரைப் பார்த்து முடிவெடுங்கள். எடுத்துவைக்கும்முன் வாளியைக் காலிசெய்து, ஃபேனை மட்டும் சில மணி நேரம் ஓட்டிக் காயிலை உலர்த்துங்கள். ஹோஸைக் கழற்றி நீரை வடியுங்கள். நிமிர்த்தியே வைத்து, பருத்தித் துணியால் மூடுங்கள். சர்வீஸை பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். அக்டோபரில் மெக்கானிக் கிடைக்கமாட்டார். தினக்குறிப்பு நோட்டை இயந்திரத்தோடு கட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு எத்தனை லிட்டர் இயந்திரம் வேண்டும் என்று அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.