பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் டாக்டர் ஊசி போட்டு, மூன்று வேளை மாத்திரையும் தானே கொடுத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் வாங்குகிறார். மெடிக்கல் ஷாப் லைசென்ஸ் இல்லாமல் இது சட்டப்படி சரியா?
– மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: சரிதான். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணை, பதிவு பெற்ற மருத்துவர் தன் நோயாளிக்கு மருந்து கொடுக்க லைசென்ஸ் கேட்பதில்லை. கடை விரித்து, வருவோர் போவோருக்கெல்லாம் விற்றால்தான் வம்பு. ராத்திரி காய்ச்சல் பிள்ளையோடு வந்தவரை மருந்துக்காக மேலூருக்கு அலையவிடாத மனிதரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: டாக்டர் மதுரைக்குப் போகும் நாளில் கம்பவுண்டரே மாத்திரை தருகிறாரே?
– திருமங்கலம்

பதில்: கூடாது. டாக்டர் பார்க்காத ஆள் எப்படி அவருடைய நோயாளி ஆவார்?

கேள்வி: புதிதாக கிளினிக் திறந்திருக்கிறேன். கொஞ்சம் மருந்து வைத்திருக்கிறேன். டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால்?
– இளம் மருத்துவர், உசிலம்பட்டி

பதில்: பில்லைக் காட்டுங்கள். லைசென்ஸ் உள்ளவரிடம் வாங்கிய பில், அளவு, பேட்ச் நம்பர், கம்பெனி விலாசம் எல்லாம் பதிவில் இருக்க வேண்டும். களிம்பும் லோஷனும் கொஞ்சம் வைத்திருந்த சென்னைத் தோல் மருத்துவர் மேல் போட்ட வழக்கை 2023-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தைரியத்தில் பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். ரெப் தந்த சாம்பிளுக்குக் காசு வாங்க நினைத்தால், முதலில் அதன் அட்டையைப் படியுங்கள்.

கேள்வி: அம்மாவின் மூட்டுவலிக்கு டாக்டர் பேப்பரில் மடித்துத் தரும் மாத்திரை உடனே கேட்கிறது. பெயர் கேட்டால், "உனக்கெதுக்கு?" என்கிறார். இப்போது அம்மாவுக்கு முகம் உப்பியிருக்கிறது.
– சோழவந்தான்

பதில்: நாளைக் காலையிலேயே அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மிச்சப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டாக இருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

இனி என் சக டாக்டர்களுக்கு. நானும் பல வருஷம் மாத்திரை கொடுத்தவன்தான். ஒரு ராத்திரி மயங்கிக் கிடந்த அப்பாவைத் தூக்கி வந்த மகன், நாட்காட்டித் தாளில் மடித்த பொட்டலத்தை என் மேஜையில் பிரித்தான். வெள்ளை இரண்டு, மஞ்சள் ஒன்று, பாதியாக உடைத்த ரோஸ் ஒன்று. சர்க்கரை மாத்திரையா, பிரஷர் மாத்திரையா? விடியும்வரை அனுமானத்திலேயே ஓட்டினேன். பெயர் வெட்டப்பட்ட ஸ்ட்ரிப்பில் காலாவதித் தேதியும் போய்விடுகிறது. 'எச்' அட்டவணை மருந்து என்றால் உங்கள் பெயர், விலாசம், வேளைக்கு எத்தனை என்று எழுதி ஒட்ட வேண்டும். பதிவேட்டில் ஏற்றி, அந்த எண்ணையும் லேபிளில் போட வேண்டும். பதிவேடு இரண்டு வருஷம் இருக்க வேண்டும். எத்தனை பேர் செய்கிறோம்? பெயர் தெரிந்தால் நோயாளி அடுத்த முறை நேரே மெடிக்கலுக்குப் போய்விடுவான் என்ற பயம்! போகட்டுமே. மாத்திரைக்காகத்தான் நம்மிடம் வருகிறான் என்றால் நாம் எதற்கு?

கேள்வி: கம்பவுண்டர் கலக்கித் தரும் சிவப்பு மிக்ஸர் எங்கே போயிற்று?
– மேலமாசி வீதி

பதில்: கலக்கத் தெரிந்தவர்கள் ரிட்டயராகிவிட்டார்கள். வேளைக்கணக்குக்கு பாட்டிலில் பல் பல்லாகக் காகிதம் வெட்டி ஒட்டுவார்களே, அது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பாட்டிலைக் கழுவாமல் கொண்டுபோய்த் திட்டு வாங்கியதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.