விலாங்கின் தலையும் வாலும்



தங்கையே, பழங்காநத்தம் ரவுண்டானாவில் பஸ் ஏறி, காளவாசலும் நாகமலை புதுக்கோட்டையும் தாண்டி நீ இறங்குகிற பல்கலை நகருக்கு நோய் எதிர்ப்பு ஆய்வில் பழைய பாத்தியதை உண்டு. 1970களில் இங்கே வி.ஆர். முத்துக்கருப்பனும் ஆர்.எம். பிச்சப்பனும் ஓணானின் தைமஸ் செல்களை முயலுக்குச் செலுத்தி, அந்த முயலின் சீரத்தைக் கொண்டு ஓணானின் லிம்ஃபோசைட்டுகளை ஆராய்ந்தார்கள். செல்லின் மேற்பரப்பில் போய் ஒட்டும் ஆன்டிபாடி அந்தச் செல்லை என்ன செய்கிறது என்ற கேள்வியை, நம் வேலியோரத்து ஓணானிடமே கேட்டார்கள். இப்போது உன் முன்னால் இருப்பது மனித ரத்தம். பிழைக்கு இடம் கொடுக்க முடியாத இடத்துக்கு அதே கேள்வி வந்து சேர்ந்திருக்கிறது.

ஓகேடி3 என்ற எலி ஆன்டிபாடியின் கதையை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். டி செல் என்னும் லிம்ஃபோசைட்டின் மேலுள்ள சிடி3 மூலக்கூறில் அது ஒட்டும். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களின் உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும்போது அதை அடக்க, 1986இல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. மனித சிகிச்சைக்கு வந்த முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி அதுதான். வேலை, எதிர்ப்பை அடக்குவது. ஆனால் முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் நோயாளிகளுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் கண்டன. அடக்க வந்த மருந்து முதலில் டி செல்களை உசுப்பிவிட்டது.

காரணம் ஆன்டிபாடியின் வால். இரண்டு கைகளால் அது சிடி3ஐப் பிடிக்கிறது; எஃப்சி என்னும் அதன் வாலை, பக்கத்தில் நிற்கும் மோனோசைட் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றும்போது சிடி3 மூலக்கூறுகள் ஓரிடத்தில் திரண்டு, டி செல்லுக்குள் கட்டளை பாய்கிறது. மோனோசைட்டுகளை நீக்கிவிட்டு அதே ஆன்டிபாடியைக் கரைசலாக ஊற்றினால் டி செல் பெரும்பாலும் சும்மா இருக்கும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பார்களே, ஏறக்குறைய அந்த நடத்தைதான். பின்னாளில் வாலைத் திருத்தி, மோனோசைட் எளிதில் பற்ற முடியாதபடி செய்த சிடி3 ஆன்டிபாடிதான் டெப்லிசுமாப். முதல் வகைச் சர்க்கரை நோயைத் தள்ளிப்போட 2022 நவம்பரில் அதற்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது.

வாலைப் பற்றும் அந்தப் பிடி எல்லாருக்கும் ஒன்றுபோல இருப்பதில்லை. லியூ-4 என்ற இன்னொரு சிடி3 ஆன்டிபாடிக்கு லிம்ஃபோசைட்டுகள் பெருகுவதில் இனங்களுக்கிடையே வேறுபாடு உண்டு என்று 1984இலேயே ஆய்வுக் கட்டுரை வந்தது. மோனோசைட்டின் எஃப்சி ஏற்பியில் 131ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருந்தால் எலியின் ஐஜிஜி1 வால் நன்றாகப் பிடிபடும், ஹிஸ்டிடின் இருந்தால் வழுக்கிவிடும். ஒரே ஒரு அமினோ அமிலம். அதனால் பழங்காநத்தத்தில் ரத்தம் கொடுத்த ஒருவரின் செல்கள் பதில் தராவிட்டால், அவருடைய டி செல்லில் கோளாறு என்று உடனே எழுதிவிடாதே. குளோனின் பெயர், ஐஜிஜி உட்பிரிவு, வாலை வெட்டிய எஃப்(ஏபி)2 துண்டு என்ன செய்தது, அதே உட்பிரிவைச் சேர்ந்த ஒட்டாத ஆன்டிபாடி என்ன செய்தது, இவை நான்கும் இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பாதே.

ஒன்றும் நடக்கவில்லை என்ற முடிவையும் அப்படியே நம்பாதே. 2006 மார்ச் 13 அன்று லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு டிஜிஎன்1412 செலுத்தப்பட்டது. டி செல்லின் மேலுள்ள சிடி28க்கு எதிரான ஆன்டிபாடி அது. வழக்கமான சிடி28 ஆன்டிபாடிகள் தூண்டுவதற்குச் சிடி3 வழிக் கட்டளையும் கூடவே வேண்டும். இதற்கு அந்தத் துணை தேவைப்படவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேரும் துவண்டார்கள். உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போய், எல்லாரும் உயிர் பிழைத்தார்கள். அதற்கு முன் நடந்த சோதனையில், உடல் எடைக் கணக்கில் அவர்கள் பெற்றதைவிட 500 மடங்கு கொடுத்தும் குரங்குகளுக்குப் பெரிதாக எதுவும் ஆகவில்லை. அந்தக் குரங்குகளின் நினைவு டி செல்களில் ஒரு முக்கியப் பிரிவுக்கு சிடி28 இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. மனித ரத்த செல்களில் ஆன்டிபாடியைக் கரைசலாகச் சேர்த்த சோதனையும் எச்சரிக்கவில்லை. தட்டில் உலரவைத்து ஒட்டியபோதும், செல்களை முதலில் நெருக்கமாக வளர்த்த பிறகு சேர்த்தபோதும்தான் அபாயம் தெரிந்தது. உன் தட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அது அந்த ஏற்பாட்டில் நடக்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல உரிமை உண்டு.

அதே 2006இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி. குமாரசுவாமியும், சுபாஷ் பாபு, தாமஸ் நட்மன் ஆகியோரும் யானைக்கால் நோய்ப் புழு தொற்றியவர்களின் ரத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உயிருள்ள புழுவைக் காட்டினாலும் அந்த லிம்ஃபோசைட்டுகள் மந்தமாகவே இருந்தன; சிடிஎல்ஏ-4 போன்ற தடுப்பு மூலக்கூறுகள் கூடியிருந்தன. சிடிஎல்ஏ-4ஐ ஆன்டிபாடியால் மறித்தபோது மந்தம் ஓரளவு விலகியது. வெளிநாட்டுக் கட்டுரைகளில் வரும் ‘ஆரோக்கியமான கொடையாளர்’ நம் ஊரில் காசநோய்க் கிருமியையோ புழுவையோ சந்தித்தவராக இருக்கலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே அவரிடம் அதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்.

கைவேலையில் சில. ஊதா மூடிக் குழாயிலுள்ள இடிடிஏ கால்சியத்தைக் கட்டிப்போடும். கால்சியம் இல்லாமல் டி செல் விழிக்காது. முழு ரத்தத்திலேயே தூண்டிப் பார்ப்பதென்றால் பச்சை மூடி ஹெபாரின் குழாய்தான். செல்லுக்குச் சாயம் ஏற்றுவதற்கென்று விற்கும் ஆன்டிபாடிகளில் கெட்டுப்போகாமலிருக்க சோடியம் அசைடு கலந்திருப்பார்கள். அதை வளர்ப்புத் தட்டில் ஊற்றிவிட்டு, ஆன்டிபாடி செல்லை அடக்கியது என்று எழுதினால் அது விஷத்தின் வேலையாக இருக்கும். எண்டோடாக்சின் அளவையும் கேட்டு வாங்கு. மதுரை வெயிலில் ரத்தத்தை மறுநாளுக்கு வைக்காதே.

கடைசியாக அளவு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2022இல் வெளியிட்ட ஆய்வில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு, வாய்வழி மருந்துகளோடு, பிடி-1 என்ற தடுப்பு மூலக்கூறை மறிக்கும் நிவோலுமாப் ஆன்டிபாடி மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாய்வழி மருந்துகள் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 16.3 சதவீதம்; நிவோலுமாப்பும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். முழு அளவை வாங்க வழியில்லாத குடும்பங்களுக்காக யோசித்த ஆய்வு அது. நீயும் உன் தட்டில் அதிகபட்ச அளவோடு நிறுத்திவிடாமல், பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று கீழே இறங்கி, ஒவ்வொரு குழியிலும் செல்கள் என்ன செய்கின்றன என்று பார்.