திருத்தும் உரிமை யாரிடம்?

கல்வராயன் மலையில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் தரவுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் ஒரே எக்செல் கோப்பாக இருந்ததைச் சுகாதாரம், ஊட்டச்சத்து, கல்வி, வாழ்வாதாரம் என அந்தந்தக் குழுவிடமே ஒப்படைத்தோம். 2019இல் ஜமாக் தேகானி ‘டேட்டா மெஷ்’ என்ற பெயரில் பெரிய கம்பெனிகளுக்குச் சொன்ன யோசனைதான்: தரவு எங்கே உண்டாகிறதோ, அங்கே இருப்பவர்களே அதற்குச் சொந்தக்காரர்கள்.

அதே 2019 நவம்பர் 26 அன்றுதான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் விழுப்புரம் மாவட்டம். ஒரு குழு பழைய ஊர்ப் பட்டியலை எடுத்தது, இன்னொன்று புதியதை. ‘மேல்’, ‘கீழ்’ என்ற முன்னொட்டை யாராவது விட்டுவிட்டால் இரண்டு குக்கிராமங்கள் ஒன்றாகிவிடும். எதைப் பிரித்தாலும் ஊர்ப் பட்டியலையும் குடும்ப எண்ணையும் மட்டும் பிரிக்காதீர்கள்.

சேராப்பட்டுப் பக்கம் ஒரு குடும்பம், தை மாதம் காப்பி பறிக்கக் குடகுக்குப் போயிருந்தது. வாழ்வாதாரக் குழு ‘ஊரில் இல்லை’ என்று எழுதியது. மூத்த பெண் உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில் இருந்ததால் கல்விக் குழுவுக்குக் குடும்பம் ‘இருக்கிறது’. சின்னப் பையன் பாட்டியிடம். அங்கன்வாடியில் அவனுக்கு மாதாமாதம் எடை பார்த்தார்கள். எது சரி என்று மேலிருந்து மெயில் வந்தது. மூன்றும் சரி. ஒன்றை வைத்து மற்றதை அழித்திருந்தால் பையன் பட்டியலிலேயே இருந்திருக்க மாட்டான். இப்போது ஒவ்வொரு பதிவிலும் பார்த்த தேதி உண்டு; அது ஆளைப் பற்றியதா, வீட்டைப் பற்றியதா என்ற குறிப்பும் உண்டு.

பெரிய தகராறு திருத்துவதில்தான். பொறுப்பைக் கொடுத்த மேலிடத்துக்கு பாஸ்வேர்டைக் கொடுக்க மனம் வரவில்லை. குழந்தையின் பிறந்த தேதி தப்பு என்று களப்பணியாளருக்குத் தெரியும். ஆனால் படிவம் எழுதி, கள்ளக்குறிச்சிக்கு அனுப்பி, காத்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். சரியான தேதி அவருடைய நோட்டில் மட்டும் இருந்தது. உங்கள் ஆட்களின் பையில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நீங்கள் எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை. களப்பணியாளரே திருத்தும் அனுமதியைச் சண்டை போட்டு வாங்கினோம். பழைய பதிவு அழியாமல், யார் எப்போது மாற்றினார் என்பது பக்கத்திலேயே நிற்கும்.

இன்னும் தீராதது ஒன்று. சேலம் மாவட்டத்துக் கருமந்துறைக்குக் கட்டிக்கொடுத்த பெண் தலைப்பிரசவத்துக்கு வெள்ளிமலைப் பக்கம் தாய் வீட்டுக்கு வருகிறாள். எங்களுக்கு இரண்டு பக்கமும் குழு உண்டு. அவளுடைய பதிவு யாருக்குச் சொந்தம்? இப்போதைக்கு, யார் நேரில் பார்க்கிறாரோ அவர் எழுதுகிறார். மற்றவர் படிக்கலாம், மாற்றக்கூடாது. கருமந்துறைக் குழுவுக்கு இதில் சம்மதமில்லை.