பத்துக் கேள்விகள்

என் ராத்தாவின் கர்ப்பிணி அட்டையில் எல்லாம் சரியாக இருந்தது. நிறை, குருதியமுக்கம், ஈமோகுளோபின், சீனி, சிசுவின் இதயத்துடிப்பு என ஒன்றிலும் குறையில்லை. ஆனால் ஆறாம் மாதத்திலிருந்து அவர் குசினியில் தனியே நின்று அழுவார். "முதல் பிள்ளை, பயமாத்தான் இருக்கும். ரெண்டு றக்அத் தொழு" என்பார் உம்மம்மா. ராத்தா தொழுகையை விட்டதேயில்லை. அழுகையும் நிற்கவில்லை.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான் அப்போதுதான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். மனதையும் அளந்து பார்க்க ஒரு வழி இருந்தது. 1987 இல் ஜோன் கொக்ஸும் அவரோடு இருவரும் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல் அது. பிரசவத்தின் பின் வரும் மனச்சோர்வுக்காக ஆக்கப்பட்டது. பின்னர் கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தப்பட்டது. கடந்த 7 நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 30.

என்னைக் கவர்ந்தது அந்தக் கேள்விகளின் நுட்பம்தான். களைப்பு, பசியின்மை போன்றவை கர்ப்பிணிக்கு இயல்பாகவே வரும். அவற்றைக் கேட்டால் எல்லோரும் நோயாளிதான். அதனால் அவை விடப்பட்டன. நித்திரையைப் பற்றிக்கூட, கவலையால் நித்திரை கெடுகிறதா என்றே கேட்கிறார்கள். சிரிக்க முடிகிறதா, காரணமின்றித் தன்னையே குற்றம் சொல்கிறாரா என்பவையும் உண்டு. பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியர் பார்க்க வேண்டும். நோய் உறுதி என்பதல்ல. சீனி கூடினால் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவது போலத்தான். பத்தாவது கேள்வி தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணம் பற்றியது. மொத்தப் புள்ளி எவ்வளவு குறைந்தாலும், அதற்கு 'இல்லை' அல்லாத எந்தப் பதிலையும் அன்றே கவனிக்க வேண்டும்.

"ஈமான் குறைந்தவர்களுக்குத்தான் இதெல்லாம்" என்று ஒரு மாமி சொன்னார். பிரசவ வேதனையில் மர்யம் அலைஹிஸ்ஸலாம் மரணத்தையே விரும்பியதை குர்ஆன் சொல்கிறது. அவரை அல்லாஹ் கண்டிக்கவில்லை. கவலைப்பட வேண்டாமென்ற ஆறுதலும் நீரும் பேரீச்சம்பழமும்தான் கிடைத்தன. மாமிக்கு இதைச் சொல்ல அன்று எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டாம் மாதம் வீட்டுக்கு வந்த மிட்வைஃப், எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு ராத்தாவிடம் தனியே கேட்டார். உம்மாவுக்கு முன்னால் கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே சொல்லியிருப்பார். வந்தது 16. அடுத்த கிழமையே மச்சான் வைத்தியரிடம் கூட்டிப் போனார். சில மாதங்கள் பேசிப் பேசியே குணமானது.

இதை எழுதலாமா என்று ராத்தாவிடம் கேட்டேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "பேரப் போடாத, மத்ததெல்லாம் எழுது" என்றார்.