மூளையிலிருந்து வரும் குரல்

கேள்வி: பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களைக் கணினி பேச வைக்கிறதாமே! மனதில் நினைப்பதையெல்லாம் அது படித்துவிடுமா?

பதில்: அந்தப் பயம் வேண்டாம். சான்பிரான்சிஸ்கோவில் நரம்பியல் அறுவை மருத்துவர் எட்வர்ட் சாங்கின் குழு, மூளைத்தண்டுப் பக்கவாதத்தால் 18 ஆண்டுகளாகப் பேச முடியாதிருந்த ஒரு பெண்ணின் மூளைமீது 253 மின்முனைகள் கொண்ட மெல்லிய தகட்டைப் பொருத்தியது. அவர் பேச முயலும்போது நாக்குக்கும் உதட்டுக்கும் தாடைக்கும் மூளை இடும் கட்டளைகளைத்தான் கணினி பிடித்துச் சொற்களாக்குகிறது. நிமிடத்துக்கு 78 சொற்கள். சாதாரணப் பேச்சில் ஏறக்குறையப் பாதி வேகம். 2023-ல் இந்த ஆய்வு வெளியானபோது என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. அவருடைய திருமண வீடியோவில் பதிவாகியிருந்த குரலை எடுத்து, அவரது சொந்தக் குரலிலேயே பேச வைத்திருந்தார்கள். அந்த ஆய்வில் தலைக்கும் கணினிக்கும் இடையே வயர் தேவைப்பட்டது. அதை நீக்குவதுதான் அடுத்த வேலையாக இருந்தது.