பெங்களூரில் ஒயின் கற்க எங்கே சேரலாம்?

பிரிட்டனில் ஒயின் கிளப்பில் சேர்ந்தால் வீட்டுக்குப் பெட்டி வரும். 1874-இல் தொடங்கிய ‘தி ஒயின் சொசைட்டி’ இன்றும் உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவாக அப்படித்தான் நடக்கிறது. பெங்களூரில் அந்த வழி கிடையாது. மதுவை ஆன்லைனில் விற்று வீட்டுக்கு அனுப்பக் கர்நாடகத்தில் அனுமதி இல்லை. இங்கே கிளப்பில் சேர்வது என்றால் நாலு பேரோடு ஒரே மேசையில் உட்கார்வதுதான். கற்க விரும்புகிறவருக்கு இதுவே நல்லது. ஒரு பாட்டிலைத் தனியாகத் திறந்து குடித்தால் பிடித்ததா இல்லையா என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. இரண்டை அடுத்தடுத்து வைத்தால்தான் நாக்குக்குப் புத்தி வரும்.

முதல் வழி, நகரத்துச் சுவைக் குழுக்கள். ‘பெங்களூர் ஒயின் கிளப்’ போன்றவை விருந்தோடு சேர்த்து ஒயின் பரிமாறுகின்றன. இவற்றின் பெரிய லாபம் வெளிநாட்டு ஒயின். இறக்குமதிக்குப் பல ஆண்டுகளாக 150 விழுக்காடு வரை சுங்கவரி இருந்து வந்திருப்பதால், ஒரு நல்ல பிரெஞ்சு பாட்டிலைத் தனி ஆள் வாங்கினால் கை கடிக்கும், பகிர்ந்தால் தாங்கும். ஆனால் யார் நடத்துகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இறக்குமதியாளரே நடத்தினால் அவருடைய சரக்கு மட்டுமே மேசைக்கு வரும். ஒரு மாலையில் எத்தனை ஒயின், யார் விளக்குவார், பேச்சுக்கு நேரம் உண்டா என்றும் கேளுங்கள். சாப்பாடும் அரட்டையும் முக்கால் பங்கு என்றால் அது நல்ல விருந்து. படிப்பு வேறு.

இரண்டாவது, தோட்டத்துக்கே போவது. தொட்டபள்ளாபுரம் பக்கம், நந்தி மலை அடிவாரத்தில், கன்வல் குரோவர் 1988-இல் தொடங்கிய தோட்டம் இன்று குரோவர் சாம்பா. ‘லா ரிசர்வ்’ என்ற அவர்களுடைய சிவப்பு ஒயினில் கேபர்னே சோவின்யோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சை வகைகள் கலந்திருக்கும். பிரான்ஸின் ஒயின் நிபுணர் மிஷேல் ரோலான் இந்த ஆலைக்கு ஆலோசகராக இருந்தார். போகும் வழியிலேயே பாடம் தொடங்கிவிடும். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் பந்தலில் படரவிட்டிருப்பது பெங்களூர் நீலம், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற திராட்சை. ஒயின் ஆலையின் கொடிகளோ கம்பி வேலியில் வரிசையாக நிற்கும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி உறங்கும். இங்கே உறக்கம் இல்லாததால் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து ஒரே மகசூல் எடுக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் அறுவடைக் காலத்தில் போனால் நொதிக்கும் வாசனையே நூறு பக்கம் சொல்லும். குறை ஒன்றுதான்: ஒரே ஆலையின் ஒயின்தான் ஊற்றுவார்கள். வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள், குடித்துவிட்டு ஓட்ட வேண்டாம்.

மூன்றாவது, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டபிள்யூஎஸ்இடி (WSET) என்ற ஒயின் கல்வி நிறுவனத்தின் படிப்புகள். முதல் நிலை ஒரே நாளில் முடியும். இரண்டாம் நிலைக்கு 50 கேள்விகள், ஒரு மணி நேரத் தேர்வு. முதல் நிலையை முடிக்காமலும் இதில் நேராகச் சேரலாம். ஹோட்டல், மதுக்கடை, இறக்குமதித் தொழிலில் இருப்பவருக்கு இந்தச் சான்றிதழ் பயன்படும். ஆர்வத்துக்காகக் கற்பவர் இதற்குச் செலவு செய்யத் தேவையில்லை.

நான் முதலில் பரிந்துரைப்பது நான்காவது வழி. எட்டு நண்பர்கள், மாதம் ஒரு மாலை, மூன்று பாட்டில். 750 மில்லியை எட்டாகப் பிரித்தால் ஆளுக்குத் தொண்ணூறு மில்லி சொச்சம், சுவைக்கத் தாராளம். பாட்டில்களைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி 1, 2, 3 என்று எழுதுங்கள். முதல் மாதம் வெள்ளை: மூன்றில் இரண்டு நாசிக்கின் சோவின்யோன் பிளாங்கும் ஷெனின் பிளாங்குமாக இருக்கட்டும். முன்னதில் பச்சைக் குடைமிளகாய், நறுக்கிய புல் வாசனை எழும். புளிப்பு தாடையோரத்தில் எச்சில் ஊற வைக்கும். பின்னது கனிந்த பழ வாசனையோடு மெத்தென்று இறங்கும். அடுத்த மாதம் சிவப்பு: ஈறில் பாக்கு மென்றதுபோல் ஒட்டும் துவர்ப்பு எதில் கூட, எதில் குறைவு என்று ஒவ்வொருவரும் எழுதிய பிறகே காகிதத்தைப் பிரியுங்கள். வெள்ளை ஒயின் வாங்கும்போது லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். புதியதாக இருப்பதே நல்லது. வெயில் படும் அலமாரியில் நிறுத்தி வைத்திருக்கும் கடையைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்படி மூன்று மாதம் ஓடிய பிறகு, அறுவடை நேரத்தில் குழுவாக நந்தி மலைப் பக்கம் போய் வாருங்கள். வெளிநாட்டு ஒயின் மீது ஆசை வந்தால் நகரத்துக் கிளப்பை அப்போது தேடலாம். ஆண்டுச் சந்தா கட்டும் முன் ஒரு கூட்டத்துக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். விருந்தினரை அனுமதிக்காத கிளப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.