1895 என்று பொறித்த துப்பாக்கிக்கு வயது என்ன?

செங்கல்பட்டு

அன்புள்ள பேத்திக்கு,

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்துவிட்டு, "தாத்தா, அவர் வைத்திருந்தது 1895 வின்செஸ்டர் என்கிறார்களே, அது 1895-இல் செய்த துப்பாக்கியா?" என்று கேட்டு எழுதியிருந்தாய். அப்படிச் சொல்ல முடியாது, கண்ணு. அந்த மாதிரி முதலில் வெளிவந்த ஆண்டுதான் 1895. அதே மாதிரியை வின்செஸ்டர் கம்பெனி 1940 வரைக்கும் விற்றது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் எப்போது செய்ததாக இருந்தாலும், மேலே பொறித்த எண் 1895-தான். எனவே உன் கேள்விக்கு விடை துப்பாக்கியின் பெயரில் இல்லை. உடம்பில் தேட வேண்டும்.

ஆண்டர்சன் பெங்களூர்க்காரர், 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்தவர். முதல் நூல் 1954-இல் வந்தது. ஊர் பெங்களூர் என்றாலும் அவர் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்த காடுகளில் பல நம் மாநிலத்தவை: ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், நீலகிரி அடிவாரத்துச் சேகூர். அங்கெல்லாம் அவர் தோளில் தொங்கியது .405 தோட்டா போடும் வின்செஸ்டர் 1895.

முதலில் அந்த இயந்திரத்தைப் புரிந்துகொள். விசைக்குக் கீழே கைவிரல்கள் நுழையும்படி ஓர் இரும்பு வளையம் இருக்கும், அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் அடைப்பு பின்னால் நகரும், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், சுத்தியல் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். லீவரை மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறி, அடைப்பு பூட்டிக்கொள்ளும். எல்லாம் ஒரே கை அசைவு.

வின்செஸ்டரின் முந்தைய லீவர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் அடிப்புறத்தில் முட்டிக்கொண்டிருக்கும். தோட்டா வெடிப்பதே அந்த அடிப்புறத்தில் அடி விழுந்தால்தான். மூக்கு கூராக இருந்து, சுடும்போது துப்பாக்கி உதைத்தால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துப் பார். ஆகவே அவற்றில் தட்டை மூக்குத் தோட்டாக்களே போட வேண்டியிருந்தது. ஜான் மோசஸ் பிரௌனிங் என்ற அமெரிக்கர் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, விசைக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்தார். தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் அடுக்கி நின்றன. புகையில்லா வெடிமருந்து வந்து தோட்டாக்கள் வலுவும் வேகமும் கூடிய காலம் அது. அதற்கேற்ற பூட்டும் செய்தார். காப்புரிமை 1895 நவம்பர் 5-ஆம் தேதி கிடைத்தது. அவர் வடிவமைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பார்க்க அவ்வளவு அழகில்லை, வயிறு தள்ளிய துப்பாக்கி. ஆனால் அதில் எந்த உறுப்பும் வீணுக்கு இல்லை.

அந்தக் காப்புரிமைத் தேதியைக் குழலிலேயே பொறித்திருப்பார்கள். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். 1925-இல் செய்த துப்பாக்கியிலும் 1895 நவம்பர் என்றே இருக்கும். கண்டுபிடிப்பு யாருடையது என்று உலகுக்குச் சொல்ல வைத்த எழுத்து அது. துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழாக அதைக் கொள்ளக் கூடாது.

பின் எதை நம்புவது? உடம்பின் அடிப்பக்கத்தில் வெட்டியிருக்கும் வரிசை எண்ணை. அதுகூட நேராகப் பேசாது. மொத்தம் சுமார் 4,26,000 துப்பாக்கிகள் இந்த மாதிரியில் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 2,94,000, முதல் உலகப் போரில் ரஷ்யாவின் ஜார் அரசு கேட்டு வாங்கியவை. 1915-இலிருந்து இரண்டே ஆண்டுகளுக்குள் செய்து முடித்தவை. வேட்டைத் துப்பாக்கி என்று நாம் சொல்வதில் மூன்றில் இரண்டு பங்கு போருக்குப் போயிற்று! ஆக, மொத்த எண்ணிக்கையை நாற்பத்தைந்தால் வகுத்து, 'ஆண்டுக்கு இத்தனை' என்று கணக்குப் போட்டால் விடை முழுக்கத் தவறாகும். சில ஆண்டுகளில் எண் ஊர்ந்தது, போர் ஆண்டுகளில் பாய்ந்தது. அமெரிக்காவில் வையோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரின் அருங்காட்சியகத்தில் கம்பெனியின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. ஆரம்ப கால எண்களுக்கு அங்கே எழுதிக் கேட்கலாம். பின்னால் வந்த பெரும் பகுதிக்கு அந்த வசதி இல்லை. அங்கேதான் யோசிக்கிறவருக்கு வேலை.

யோசிப்பது எப்படி? ஒவ்வொரு அடையாளத்திடமும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: 'நீ எந்த ஆண்டுக்கு முன்னால் இருந்திருக்க முடியாது?' முதல் சில ஆயிரம் துப்பாக்கிகளின் பக்கவாட்டு இரும்பு சமதட்டையாக இருக்கும். பிறகு வந்தவற்றில் படிபோல் வெட்டு உண்டு. கம்பெனியின் சோதனை முத்திரையான நீள்வட்டத்துக்குள் இரண்டு எழுத்து, 1905-இல் தொடங்கியது. .405 தோட்டா 1904-இல்தான் வந்தது. 30-06 என்னும் தோட்டாவுக்கான குழல் 1908-இல். இப்படி ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் கால இடைவெளி சுருங்கும். ஆனால் குழல் தேய்ந்து மாற்றியிருக்கலாம், பழுதுபார்க்கப் போன இடத்தில் புது முத்திரை விழுந்திருக்கலாம். ஓர் அடையாளம் தன் வயதைத்தான் சொல்லும். முழுப் பொருளின் வயதையும் அதன் தலையில் ஏற்றக் கூடாது.

இதே சிக்கல் உனக்குப் பழக்கமான இடத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரத்தில் தர்மராஜ ரதத்தின் மேல் அரசப் பட்டங்கள் வரிசையாகப் பொறித்திருக்கின்றன. அதில் 'அத்யந்தகாமன்' என்பதும் ஒன்று. அது எந்தப் பல்லவ அரசன்? கோயிலை வெட்டத் தொடங்கியவனா, பின்னால் வந்து தன் பெயரை எழுதிக்கொண்டவனா? மாமல்லன் என்ற பல்லவனின் காலம் என்றே பெரும்பாலோர் எழுதிவந்தபோது, 1962-இல் தொல்லியலாளர் இரா. நாகசாமி எல்லாமே பின்வந்த இராஜசிம்மன் படைப்பு என்று வாதிட்டார். கல்வெட்டை அவரும் படித்தார், மற்றவர்களும் படித்தார்கள். அந்த எழுத்து எதற்குச் சாட்சி என்பதில்தான் வழக்கு. அடுத்த முறை கடற்கரைப் பக்கம் போகும்போது ரதத்தின் முன் நின்று அதை எண்ணிப் பார்.

இனி, .405 இங்கே ஏன் பிடித்துப்போயிற்று என்ற நம் நாட்டுச் சங்கதி. பிரிட்டிஷ் ஆட்சி, படையில் புழங்கிய தோட்டா அளவுகளைத் தனியார் வைத்துக்கொள்வதை இங்கே தடுத்தது. படைக்கிடங்கிலிருந்து திருடிய தோட்டா கலகக்காரர் துப்பாக்கியில் பொருந்திவிடுமே என்ற பயம். .303 அப்படித் தடைப்பட்டது, .450-உம் தடைப்பட்டது. .405 எந்தப் படையின் தோட்டாவும் இல்லை. பெரும் விலங்குக்குப் போதிய அடி, பெட்டியில் நான்கு தோட்டா, இங்கிலாந்தின் இரட்டைக்குழல் துப்பாக்கிகளோடு பார்த்தால் குறைந்த விலை. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கா போனபோது இதையே கொண்டுபோனார், பெயரும் பரவிற்று.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆண்டர்சனின் துப்பாக்கி .405. குழல் மாற்றாதது என்றால், அது 1904-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. 1940-க்குப் பிந்தியதாகவும் இருக்காது. வரிசை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமலே, வெறும் தோட்டா அளவை வைத்து ஒன்பது ஆண்டுகளை வெட்டி எறிந்துவிட்டோம் பார்த்தாயா? முத்திரையும் எண்ணும் தெரிந்தால் இன்னும் நெருங்கலாம்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யார் வீட்டிலாவது பழைய துப்பாக்கியைப் பார்த்தால் நீயாகத் தொடாதே. துரு ஏறியிருந்தாலும் உள்ளே தோட்டா கிடக்கலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் சொல்வதே முறை. எண்ணைப் படிக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மினுமினுப்பாக்குவது, இவை சான்றை அழிக்கும் வேலை. படம் எடு, குறித்து வை, அவ்வளவு போதும்.

ஆண்டர்சனின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் வேட்டையே வீரம் என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர்மக்கள் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுல் என்ற உறுதிப் பத்திரமாக எழுதிக் கொடுத்தார். பிரௌனிங்கின் துப்பாக்கி பிறக்க அப்போது இன்னும் தொண்ணூற்றேழு ஆண்டுகள் இருந்தன. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொழுதுபோக்கு வேட்டைக்கு மெல்ல மெல்ல இடமில்லாமல் போயிற்று. ஊர்மக்களின் அந்த முறையீட்டை நான் எந்தப் புலி வேட்டைக்கும் குறைவாக மதிக்கவில்லை.

அரைப் பரீட்சை விடுமுறைக்கு வரும்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போவோம். அங்கே தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் இருக்கின்றன. திரி வைத்துச் சுடும் துப்பாக்கியில் வரிசை எண் இருக்காது, காப்புரிமைத் தேதியும் இருக்காது. எதை வைத்து அதன் காலத்தைச் சொல்வாய் என்று இப்போதே யோசித்து, நோட்டில் எழுதிக்கொண்டு வா.

அன்புடன்,
தாத்தா